ஈரம் படாத இடம்

கோவிந்தாபுரம்
15 மே 2022

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணனுக்கு,

கத்தரீனாள் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். வெயிலைத்தான் தாங்க முடியவில்லை. மதினியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நேற்று போனில் தொண்டை கிழியக் கத்தினேன். "மழையா? இல்லத்தா, இன்னும் பெய்யல" என்று நீங்களாக ஒரு பதிலைச் சொல்லி வைத்துவிட்டீர்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் காற்றாடி உங்கள் காதைத் தின்றுவிட்டது. இனி முக்கியமானது எதுவானாலும் தபாலில்தான்.

மகள் நிமியைப் பார்த்துக் கோயம்புத்தூர் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தீர்கள். பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகி ரத்தம் கசிகிறது. அடங்குவதும் திரும்பக் கிளம்புவதுமாக இருக்கும் நோயாம். இப்போது மாத்திரையில் அடங்கியிருக்கிறது. அது கிளம்பாமல் இருக்க, மாத்திரையோடு ஒரு பொடியும் எழுதியிருக்கிறார். குடலுக்கு நன்மை செய்யும் கிருமியும், அந்தக் கிருமி தின்று பெருகத் தீனியும் ஒரே பொட்டலத்தில் இருக்கின்றன. "கன்ன மட்டும் நட்டா போதுமா, எரு போட வேண்டாமா? அது மாதிரிதாம்மா" என்று நிமியிடம் விளக்கினார். பொடி துணைக்குத்தான், மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்றும் சொன்னார். எல்லோருக்கும் கேட்கும் என்று உறுதி சொல்ல மாட்டாராம். ஆனால் நோய் மறுபடி முற்றினால் குடலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். அதை நிமி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இவர் காய்கறி லோடோடு அணக்கரைக்கு வருகிறார், பொட்டலங்களைக் கொடுத்துவிடுகிறேன். தினம் ஒன்று, ஆறின தண்ணீரில். உங்கள் ஊர் மழையை நினைத்தால்தான் பயம். ஈரம் மட்டும் படவே கூடாது.

உங்கள் தங்கை,
கத்தரீனாள்

*

சக்குபள்ளம்
26 ஜூன் 2022

அன்புத் தங்கச்சிக்கு,

சுவக்கீன் எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் எல்லோரும் நடமாடுகிறோம். சிசிலிக்கு மழை வந்ததும் முட்டி பிடித்துக்கொண்டது. நீ வெயிலில் காய்கிறாய், நாங்கள் இங்கே பூசணம் பூக்கிறோம். பீரோவில் வைத்த என் தோல் பெல்ட் பச்சைத் தாடி வளர்த்திருக்கிறது. உப்பு தண்ணீராகிவிட்டது. ஜெபப் புத்தகத்தின் அட்டையைத் தினமும் துடைக்கிறேன்.

மாப்பிள்ளை கொடுத்த பொடி பத்திரம். அட்டைப்பெட்டி நாலாம் நாளே பூத்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பொட்டலங்களை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி வைத்திருக்கிறேன். ஈரம் படாத இடம் இந்த மலையில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது என் பொறுப்பில்தான் இருக்கிறது. நீ கவலையை விடு.

காய் எடுப்பு தொடங்கிவிட்டது. வேலை முடிந்து வரும்போது ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து நானே கலக்கிக் கொடுக்கிறேன். சிசிலியைக்கூட விடுவதில்லை. "என்ன பச்சப்புள்ளையா நான்?" என்று நிமி சிரிக்கிறாள். ஆனாலும் என் கையால்தான் வாங்கிக் குடிக்கிறாள். நேந்திரங்காய் வேகவைத்துத் தருகிறோம். அந்தக் கிருமிகளுக்கு நானும் என் பங்குக்கு எரு போடுகிறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

சுவக்கீன்

*

கோவிந்தாபுரம்
9 ஜூலை 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். உங்கள் பெல்ட்டின் தாடியை வாசித்து இவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு கோமதி எட்டிப் பார்த்துவிட்டாள்.

நிமியிடம் போனில் பேசினேன். பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை என்கிறாள். நாலு நாளாக லேசாக ரத்தம் தெரிகிறதாம். அணக்கரையிலிருந்து கட்டப்பனைக் காலேஜ் வரைக்கும் எந்தெந்த இடத்தில் கக்கூஸ் இருக்கிறது, எந்தக் கடைக்காரர் சாவி தருவார் என்று ஒப்பித்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அண்ணா, உங்கள் கோபம் எனக்குத் தெரியும். "பொடி ஏன் கேக்கல, ஏன் கேக்கல" என்று அவளைக் குடையாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இன்னும் இரண்டு மாதப் பொடி இவரிடம் கொடுத்திருக்கிறேன்.

கத்தரீனாள்

*

சக்குபள்ளம்
3 ஆகஸ்ட் 2022

தங்கச்சி கத்தரீனாளுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் மன்றாடுகிறோம். பொடி ஏன் கேட்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

போன இருபத்தாறாம் தேதி நிமி காலேஜ் விட்டு வந்து நனைந்த பையை அடுப்பங்கரையில் வைத்தாள். பை மணத்தது. திறந்தால் உள்ளே புரோட்டாவும் பீஃப் ஃப்ரையும், இலையில் சுற்றின பார்சல். வீட்டில் அவளுக்காக நாங்களும் காரம் இல்லாமல் தின்கிறோம். சிசிலி மிளகாய் டப்பாவைத் தொட்டு இரண்டு மாதமாகிறது. இவள் வெளியே இப்படித் தின்றுவிட்டு, வீட்டில் என் கையால் மருந்து குடித்தால் எந்தக் கிருமிதான் பிழைக்கும்?

கொஞ்சம் கடிந்து பேசினேன். பார்சலை மழையில் வீசினேன். அவள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

பொடியை நிறுத்தவில்லை. தினமும் கொடுக்கிறேன்.

சுவக்கீன்

*

கோவிந்தாபுரம்
16 ஆகஸ்ட் 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

மாதா திருநாள் நல்லபடியாக முடிந்தது. உங்கள் எல்லோருக்காகவும் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

கொஞ்சம் கடிந்து பேசினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? நிமி என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "நல்லாருக்கேன் அத்தை" என்ற ஒரே பதில்தான். மதினியைக் கேட்டால் "நீ வரும்போது சொல்லுதேன்" என்கிறாள்.

அவள் தின்றதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? பார்சலைத்தானே பார்த்தீர்கள்? இருபத்தாறாம் தேதி உங்கள் பெயர்கொண்ட அர்ச்சியசிஷ்டவரின் திருநாள் அல்லவா? நானும் மறந்துபோனேன், வாழ்த்து அனுப்பவில்லை. அன்றைக்குப் போய்ப் பிள்ளையைத் திட்டினீர்களே என்று வருத்தமாக இருந்தது.

கத்தரீனாள்

*

சக்குபள்ளம்
25 செப்டம்பர் 2022

தங்கச்சிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எடுப்பு மும்முரம், ஸ்டோரில் அடுப்பு அணைவதே இல்லை. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. சிசிலியும் தேவலை.

நல்ல செய்தி. நிமிக்கு ரத்தம் நின்றுவிட்டது. தினமும் கேட்கிறேன், "இல்லப்பா, நல்லாருக்கு" என்கிறாள். கண்டிக்க வேண்டிய நேரத்தில் கண்டித்தேன், பொடியும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நீ என்மேல் வருத்தப்பட்டாய், இப்போது என்ன சொல்கிறாய்?

ஆள்தான் சற்று மெலிந்திருக்கிறாள். படிக்கிற பிள்ளை. அக்டோபரில் டாக்டரைப் பார்க்கத் தனியாகவே வருகிறேன் என்கிறாள். ஸ்டோரை விட்டு எனக்கு நகர முடியாது. மிச்சப் பொட்டலங்களைப் பாட்டிலோடு கொடுத்து அனுப்புகிறேன்.

சுவக்கீன்

*

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து
14 அக்டோபர் 2022

அண்ணனுக்கு,

மதினி நேற்றே வந்து சேர்ந்துவிட்டாள். நிமிக்கு உயிருக்கு ஆபத்து இல்லை. இதை முதலில் வாசித்துவிட்டு மற்றதை வாசியுங்கள்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினவள், வீட்டு வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தது. கோமதிதான் தாங்கிப் பிடித்தாள். "ஏனுங்க்கா, புள்ள ஒடம்புல ரத்தமே இல்லீங்களே" என்று அழுதாள். அது உண்மையாகவே போயிற்று. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இன்னும் பத்து நாள் கழித்து வந்திருந்தால் குடலை எடுத்திருப்பேன் என்கிறார் டாக்டர். இப்போதும் எடுக்காமல் தப்பிக்குமா என்று அடுத்த வாரம்தான் தெரியும்.

நீங்கள் வருவதாக இருந்தால் பொறுங்கள். "அப்பா இப்ப வேண்டாம் அத்தை" என்கிறாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். அவள் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தேன். பொட்டலங்கள் எல்லாம் ஏலக்காய் மணக்கின்றன. எங்கே வைத்திருந்தீர்கள்?

கத்தரீனாள்

*

சக்குபள்ளம்
21 அக்டோபர் 2022

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே கிளம்பிவிட்டேன். கம்பம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். "அப்பா இப்ப வேண்டாம்" என்று நீ எழுதியிருந்ததை அங்கே உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தேன். பொள்ளாச்சி வண்டி என் முன்னாலேயே போயிற்று. திரும்பி வந்துவிட்டேன்.

ரத்தம் இல்லை என்றுதானே தினமும் சொன்னாள்? என்னிடம் ஏன் பொய் சொன்னாள் என்று அவளைக் கேள். வேண்டாம், கேட்காதே.

பொட்டலங்களை ஸ்டோரில்தான் வைத்திருந்தேன். காய் உலரும் அறைக்குள், அடுப்புக் குழாய்க்கு மேலே உள்ள பலகையில். அங்கே பூசணம் எட்டிப் பார்க்காது. முதலாளியின் பத்திரக் கட்டைக்கூட மழைக்காலத்தில் அங்கே வைத்துத் தந்திருக்கிறேன். ஒரு பொட்டலமாவது கட்டி பிடித்திருந்ததா, சொல்? நூற்றைம்பதும் நேற்று அடைத்தது போல உதிரியாக இருந்திருக்கும்.

நிமி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது.

சுவக்கீன்

*

சக்குபள்ளம்
27 நவம்பர் 2022

தங்கச்சி கத்தரீனாளுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. குடலை எடுக்கவில்லை, உன் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று சிசிலி திரும்பி வந்து சொன்னாள். நீயாக ஒன்றும் எழுதவில்லை. நான் கேட்டதற்குக் கோபமா? பொட்டலத்தைப் பற்றிக் கேட்டாய், சொன்னேன். அதோடு நிறுத்திவிட்டாய்.

அங்கே புதுப் பொடி கொடுக்கிறாயாமே. சிசிலி சொன்னாள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாய் என்று. எதற்கு ஃப்ரிட்ஜ்?

எதுவானாலும் எழுது. எனக்குக் காதுதான் கேட்காது.

சுவக்கீன்

*

கோவிந்தாபுரம்
11 டிசம்பர் 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் மதினியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

அந்தப் பொடியில் இருந்தது உயிருள்ள கிருமி அண்ணா. சூட்டில் செத்துவிடும். இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கிறது. அந்தப் பெட்டியைத்தான் நீங்கள் எறிந்துவிட்டீர்கள். உங்கள் அறையின் சூடு எவ்வளவு என்று எனக்கு நீங்கள் சொல்லவே வேண்டாம். ஐந்து மாதமும் அவள் குடித்தது செத்த பொடி.

ஆனால் முதல் தப்பு என்னுடையது. இங்கே மருந்துக் கடையில் ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள் என்று மே மாதக் கடிதத்தில் எழுதப் போனேன். வருஷம் முழுக்க மார்கழிக் குளிரில் வாழ்கிற மனுஷனிடம் இதைச் சொன்னால் கேலி செய்வாரே என்று விட்டுவிட்டேன். வெயிலைத் தவிர வேறு சூடு எனக்கு ஞாபகம் வரவில்லை. ஈரம் படக் கூடாது என்று மட்டும் எழுதினேன். நீங்கள் சொன்னதைச் செய்தீர்கள். இத்தனை நாள் நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை, வெட்கம்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உயிரோட இருந்திருந்தாலும் கேட்டிருக்கும்னு நான் சொல்ல மாட்டேம்மா. அது துணைக்குத்தான். ரத்தம் வந்தத ரெண்டரை மாசம் மறைச்சாங்க பாருங்க, அதுதான் இந்த நிலைமைக்குக் காரணம்" என்றார். அன்றைக்கே வந்திருந்தால் மருந்தை மாற்றி அடக்கியிருப்பாராம்.

ஏன் மறைத்தாள் என்று கேட்டேன். ரத்தம் வருது என்று சொன்னால், அன்றைக்கு அவள் வெளியே தின்றாள் என்று நீங்கள் சொன்னது உண்மையாகிவிடும் என்று நினைத்தாளாம். அதனால் நல்லாருக்கு, நல்லாருக்கு என்றே சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் கடிந்து மட்டும் பேசவில்லை, கை நீட்டினீர்கள் என்று மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது ஊசி மருந்து போடுகிறார்கள், மாத்திரையும் உண்டு. துணைக்குப் புதுப் பொடி. எது எவ்வளவு கேட்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். ரத்தம் நின்று பதினெட்டு நாள் ஆகிறது. நானே பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கத்தரீனாள்

*

சக்குபள்ளம்
2 ஜனவரி 2023

அன்பு மகள் நிமிக்கு,

அப்பா எழுதுகிறேன். புது வருஷ ஆசீர்வாதம். இந்த வருஷம் பூசைக்கு நானும் அம்மாவும் மட்டும் போனோம்.

அத்தை எல்லாம் எழுதிவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையின் சூட்டை மணிக்கொரு தரம் பார்த்து நோட்டில் குறிக்கிறவன் நான். ஐம்பதிலிருந்து ஒரு டிகிரி இறங்கினாலும் விறகு போட ஓடுகிறவன். அதே கையால் மருந்தை அங்கே கொண்டுபோய் வைத்தேன். நல்ல இடத்தில் வைத்தோம் என்று பெருமை வேறு பட்டேன்.

அது தெரியாமல் செய்தது. உன்னை அடித்தது தெரிந்து செய்தது. பொடி ஏன் கேட்கவில்லை என்று யோசித்தபோது, பொடியைச் சந்தேகப்படவில்லை, என்னைச் சந்தேகப்படவில்லை, உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். உனக்கு இருபது வயது. நீ சொன்னால் நம்பியிருக்க வேண்டும். நீ ஒன்றும் சொல்லவில்லையே என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்ல நான் விட்டால்தானே.

அன்றைக்கு நீ அதைத் தின்றாயா இல்லையா என்று இனி நான் கேட்க மாட்டேன். தின்றிருந்தாலும் அடித்தது தப்பு.

பலகையை நேற்றே பெயர்த்து எடுத்துவிட்டேன். வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கலாம் என்று அம்மா சொல்கிறாள். நீ வருகிறாயா என்று தெரிந்த பிறகு வாங்கலாம் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முடிந்தால் ஒரு வரி எழுது.

அப்பா

*

கோவிந்தாபுரம்
12 பிப்ரவரி 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே. எடை நான்கு கிலோ ஏறியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள். விட்ட பரீட்சைகளை ஏப்ரலில் எழுதலாம் என்று காலேஜில் சொல்லியிருக்கிறார்கள். இங்கேயே இருந்து படிக்கிறேன். கோமதி அக்கா தினமும் மோர் கொண்டுவந்து தருகிறார். பஸ்ஸில் ஏறும்போது இப்போது முன்போல் பயம் இல்லை.

கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்காமலே சொல்கிறேன். ஜூலை இருபத்தாறு உங்கள் திருநாள். எனக்காக இரண்டு மாதமாக நீங்கள் காரம் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு ஒரு நாளாவது உங்களுக்குப் பிடித்ததைச் சாப்பிடட்டும் என்று அணக்கரையில் இறங்கி வாங்கினேன். மழையில் ஆறிவிடக் கூடாது என்று புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டு அதைப் பைக்குள் வைத்தேன். சொல்லத்தான் வாய் திறந்தேன்.

அப்புறம் சொல்லியிருக்கலாம். முதலில் அழுகை வந்தது. பிறகு, சொல்லாமல் வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்துவிட்டது. நீங்கள் தெரியாமலே இருங்கள் என்று நினைத்தேன். அதில் என் தப்பும் உண்டு. ரத்தத்தை மறைத்ததும் நான்தான். எல்லாவற்றையும் நீங்களே தூக்கிக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. வரமாட்டேன் என்று அர்த்தம் இல்லை. கொஞ்ச நாள் போகட்டும் அப்பா.

அத்தை தரும் பொடிக்கு மணமே இல்லை. முதல் நாள் குடித்தபோது, இது வேறு மருந்தா என்று கேட்டேன். நீங்கள் தந்தது ஒவ்வொரு நாளும் ஏலக்காய் மணத்தது. உங்கள் கையே அப்படித்தானே மணக்கும், அந்த மணம் என்று நினைத்துக் குடித்தேன். ஒரு நாளும் நான் சந்தேகப்படவில்லை.

நிமி